ரிசாலின் கடைசிப் பாட்டில் அணிகளைக் கண்டெடுத்து எழுதுவது எப்படி? ரிசால் பாடம் எடுக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிலிப்பைன்ஸில் பட்டப் படிப்புக்குச் சேர்கிறவர் யாரானாலும் ஏதோ ஒரு பருவத்தில் ரிசால் பாடம், அதாவது அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலைப் பற்றிய பாடம், வந்து நிற்கும். மருத்துவத்துக்கு முந்தைய பி.எஸ். படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதில் விலக்கு இல்லை. 1956-இல் வந்த குடியரசுச் சட்டம் 1425 அப்படித்தான் சொல்கிறது. மூன்று யூனிட் பாடம். உயிரியலும் வேதியியலும் படிக்க வந்த இடத்தில் கவிதையா என்று அலட்சியமாக விட்டால், அந்த மூன்று யூனிட் உங்கள் சராசரியை இழுத்துக் கீழே போட்டுவிடும்.

இந்தப் பாடத்தில் அடிக்கடி கொடுக்கப்படும் அசைன்மென்ட் ஒன்று உண்டு. ரிசாலின் ‘மி உல்திமோ ஆதியோஸ்’ (என் கடைசி விடை) கவிதையில் உள்ள அணிகளை எடுத்துக்காட்டி விளக்கச் சொல்வார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை இணையத்தில் எடுத்து, ‘மெட்டஃபர், சிமிலி, பெர்சானிஃபிகேஷன்’ என்று வரிக்கு ஒன்றாக ஒட்டி அனுப்புகிறவர்களே அதிகம். அதில் பாதி தவறாக இருக்கும். காரணம் ஒன்றுதான்: கவிஞர் எழுதியது ஸ்பானிஷ், நீங்கள் அணி தேடுவது மொழிபெயர்ப்பாளர் எழுதியதில். எந்த அணியையும் மூலத்தில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி நிரூபிக்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும்.

1. எந்தக் கவிதை, எந்த மொழி, எந்தப் பெயர்கள் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை மூன்று.

முதல் கேள்வி, எந்தக் கவிதை? ‘தேசபக்திக் கவிதை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது புரட்சித் தலைவர் போனிஃபாசியோவின் ‘பாக்-இபிக் சா தினுபுவாங் லூபா’வாகவும் இருக்கலாம். அது முழுக்க வேறு வகை: கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிப் போகும், தகாலோக் என்ற பிலிப்பைன்ஸ் மொழியில் எழுதிய கவிதை. ‘சா அகிங் மங்கா கபாத்தா’ என்ற சிறு கவிதையை ரிசால் சிறுவயதில் எழுதியதாகப் பல தளங்கள் போட்டிருக்கும். அதை அவர்தான் எழுதினாரா என்பதையே வரலாற்று ஆய்வாளர்கள் கேள்வி கேட்கிறார்கள். நீங்களாக அதைத் தேர்ந்தெடுத்துச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, எந்த மொழிப் பிரதியை மேற்கோள் காட்ட வேண்டும்? ஆங்கிலம் போதும் என்று சொன்னாலும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அணிகளுக்கு எந்தப் பெயர் வரிசை? சில வகுப்புகளில் ஆங்கிலப் பெயர்கள். ஃபிலிப்பினோ துறை ஆசிரியரானால் தகாலோக் பெயர்கள் கேட்பார். அங்கே அணிக்குப் பொதுப்பெயர் ‘தயுதாய்’. உவமை ‘பக்துதுலாத்’, உருவகம் ‘பக்வவாங்கிஸ்’, உயிரற்றதை ஆளாக்குவது ‘பக்சசதாவோ’, விளித்துப் பேசுவது ‘பக்தாவாக்’, மிகைப்படுத்துவது ‘பக்மமலாபிஸ்’. இவற்றுக்கே ஸ்பானிஷ் வழி வந்த மாற்றுப் பெயர்களும் உண்டு. பாடத்திட்டத் தாளில் எது இருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு வரிசையையும் கலந்தால் குழப்பம்தான்.

2. மூன்று பிரதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்பானிஷ் மூலம்: 14 செய்யுள், ஒவ்வொன்றும் 5 வரி, மொத்தம் 70 வரி. எடுத்த பிரதியில் முதலில் வரிகளை எண்ணுங்கள். 70 வரவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். எழுத்துகளின் மேல் உள்ள சாய்கோடுகளும் இருக்கின்றனவா பாருங்கள். 47-வது வரியில் ‘சோலோஸ் சோலோ முவெர்த்தோஸ்’ என்று வருகிறது. முதல் சொல் ‘தனித்து’, இரண்டாவது ‘மட்டும்’: தனித்து, இறந்தவர்கள் மட்டும் விழித்திருக்கும் இடம். பழைய எழுத்து வழக்கில் இரண்டாவது சொல்லின் மேல் சாய்கோடு உண்டு. அதை விழுங்கிய பிரதியில் இந்தச் சொல் விளையாட்டு அச்சுப்பிழை போலத் தெரியும்.

ஆங்கிலம்: சார்லஸ் டெர்பிஷையர் 1911-இல் செய்த மொழிபெயர்ப்பு. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான். காப்புரிமை முடிந்தது, முழுதாக அச்செடுத்து இணைக்கலாம். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் நிக் ஹோவாக்கின் செய்த மொழிபெயர்ப்பும் நல்லது. ஆனால் அவர் 2004-இல்தான் இறந்தார், காப்புரிமை இன்னும் இருக்கிறது. இரண்டு மூன்று வரி மேற்கோள் காட்டலாம், முழுக் கவிதையையும் பின்னிணைப்பாகப் போடக்கூடாது. இணையத்தில் இந்த இரண்டையும் கலந்து தைத்த பிரதிகளும் கிடைக்கும். யார் மொழிபெயர்ப்பு என்று பெயர் போடாத பக்கத்தைத் தொடாதீர்கள்.

தகாலோக்: ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ செய்தது. அவர் ரிசாலின் ஐந்து வரிச் செய்யுள் ஒவ்வொன்றையும் இரண்டு நாலடிச் செய்யுள்களாகப் பிரித்துக்கொண்டார். ஆகவே அது 28 செய்யுள். வரி எண்கள் மூலத்தோடு பொருந்தாது. செய்யுள் எண்ணை இரண்டால் வகுத்துத் தேடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை மூன்றும் இலவசம். ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதியும், ஃபிலிப்பினோ மொழி ஆணையத்தின் அகராதியும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. செலவென்றால் அச்செடுக்கும் கூலி மட்டும். இதற்கென்று ‘ரிசால் கவிதை விளக்கம்’ போன்ற கையேடுகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஸ்பானிஷ் பிரதியை அகன்ற இடைவெளியோடு அச்செடுத்து 1 முதல் 70 வரை பென்சிலால் எண் போடுங்கள். இனி எல்லா வேலையும் இந்த எண்களை வைத்துத்தான்.

3. அணியை மறந்துவிட்டு முதலில் பொழிப்பு எழுதுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் நேரடிப் பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள். டெர்பிஷையரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர்ச்சொல், வினைச்சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்க்க வேண்டும். ஒரு செய்யுளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் இரண்டு மாலையில் முடியும். இந்த இரண்டு மாலையை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்களுக்குப் பின்னால் நாலு மாலை போகும்.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 49-வது வரியில் ‘சித்தாரா’ என்று ஒரு இசைக்கருவி வரும். நம் காதுக்கு சிதார் என்று கேட்கும். அது சிதார் கிடையாது. மேற்கத்திய நரம்புக் கருவி. பக்கத்தில் வரும் ‘சால்தேரியோ’வும் அந்தக் குடும்பம்தான், வேதாகமத்துச் சங்கீதங்களை நினைவூட்டும் கருவி. இதை இந்திய இசைக்கருவி என்று எழுதினால் ஆசிரியர் சிரித்துவிட்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்.

4. யாரிடம் பேசுகிறார் என்று அடையாளம் போடுங்கள்

முதலில் தேட வேண்டிய அணி இதுதான், ஏனென்றால் முழுக் கவிதையும் இதன் மேல்தான் நிற்கிறது. நாட்டை எதிரே நிற்கும் ஆளாக வைத்து விளித்துப் பேசுகிறார். ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி. நன்னூல் ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும்’ என்று அஃறிணைக்குச் சொல்லும் விதி நினைவிருந்தால் உங்களுக்கு இது ஒரே நொடியில் பிடிபடும்.

ஒரு வண்ணப் பென்சிலை எடுத்து விளிகளை எல்லாம் கோடிடுங்கள். 1-வது வரி, ‘பாத்ரியா அதொராதா’. 18, ‘கீழ்க்கடலின் மணியே’. 40, ‘ஓ பாத்ரியா’. 50, ‘கெரிதா பாத்ரியா’. 61, ‘மி பாத்ரியா இதொலத்ராதா’. 62-வது வரியில்தான் ‘ஃபிலிப்பினாஸ்’ என்ற பெயர் வருகிறது. மொத்தக் கவிதையிலும் நாட்டின் பெயர் அந்த ஒரே இடத்தில்தான். கட்டுரையில் குறிப்பிட வேண்டிய தகவல் இது, கிட்டத்தட்ட யாரும் குறிப்பிடுவதில்லை.

10-வது வரியிலும் ‘பாத்ரியா’ இருக்கிறது. அது விளி அல்ல, படர்க்கை. ‘நாடும் இல்லமும் கேட்டால்’ என்று பொருள். சொல்லைத் தேடு பெட்டியில் போட்டு எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

அடுத்து வினைகளைப் பாருங்கள். ‘தேஹா’ (விடு), ‘ஓரா’ (வேண்டு), ‘ஓயே’ (கேள்) எல்லாம் ஒருமை ஏவல், நாட்டை நோக்கி ‘நீ’. கடைசிச் செய்யுளில், 68-வது வரியில், ‘தாத் கிராசியாஸ்’ என்று பன்மை ஏவல் வருகிறது. பேச்சு நாட்டை விட்டுவிட்டுப் பெற்றோர், உடன்பிறந்தோர், சிறுவயது நண்பர்கள் பக்கம் திரும்பிவிட்டது. 13 செய்யுள் ‘நீ’, கடைசிச் செய்யுள் ‘நீங்கள்’. ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏவல் வினைக்கு ஒருமை பன்மை வேறுபாடு இல்லாததால் இந்தத் திருப்பம் கண்ணுக்கே படாது.

போனிஃபாசியோவின் தகாலோக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘எங்கள் இழந்த ஏதேன்’ என்ற இடத்தில் அவர் ‘சா அமி’ய் புமானாவ்’ என்கிறார். ‘அமி’ என்பது கேட்பவரை விலக்கிய பன்மை, நம் ‘எங்கள்’ போல. நாடு கேட்கும் இடத்தில் இருப்பதால் ‘நம்’ வராது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் நினைக்கிறவருக்குத் தேவையில்லை. நீங்களும் பொழிப்பில் ‘நம் ஏதேன்’ என்று எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

5. செய்யுள் செய்யுளாக இறங்குங்கள்

எல்லாச் செய்யுளுக்கும் ஒரே அளவு நேரம் தர வேண்டாம். 1, 3, 4, 6, 12 ஆகிய ஐந்திலும்தான் சரக்கு அதிகம்.

*முதல் செய்யுள்.* ‘ரெஹியோன் தெல் சோல் கெரிதா’: சூரியனுக்குப் பிரியமான நிலம். ‘கெரிதா’ பெண்பால் வடிவம்; ஆகவே ‘ரெஹியோன்’ என்ற சொல்லைத்தான் தழுவும், ஆண்பாலான ‘சோல்’லை அல்ல. காதலிப்பது சூரியன், காதலிக்கப்படுவது நிலம். சூரியன் ஆளாக்கப்பட்டிருக்கிறது. 2-வது வரியில் ‘கீழ்க்கடலின் முத்து’ என்பது உருவகம். ‘இழந்த ஏதேன்’ உருவகமும் ஆகும், வேதாகமக் குறிப்பும் ஆகும். ஒரே பதிவில் இரண்டையும் சொல்லுங்கள், இரண்டு பதிவாகப் பிரித்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

3-வது, 4-வது வரிகளில் கொஞ்சம் நின்று பாருங்கள். தன் வாழ்வை ‘முஸ்தியா’ என்கிறார். அகராதியில் பார்த்தால் ‘வாடிய’, செடிக்குச் சொல்வது. அடுத்த வரி: அது இன்னும் ஒளியோடும், ‘ஃபிரெஸ்கா’வாகவும், ‘ஃப்ளோரிதா’வாகவும் இருந்தாலும் தருவேன். பசுமை, பூத்தது. வாடியது, பசுமையானது, பூத்தது என்று மூன்று சொல்லில் வாழ்வைச் செடியாக வைத்து நடத்தும் ஒரே தொடர் உருவகம் இது. இப்போது டெர்பிஷையரைப் பாருங்கள். ‘ஃபேடட்’ என்று தொடங்கி, ‘ஃபிரெஷர்’ வரை வந்து, பூத்த இடத்தில் ‘மோர் பிளெஸ்ட்’ என்று போட்டுவிட்டார். இயைபு (வரி முடிவில் ஒலி ஒத்து வருவது) வேண்டியிருந்தது, பூ போய்விட்டது. போனிஃபாசியோ ‘லாந்தா கொங் பூஹாய்’ என்கிறார், ‘என் வாடிய வாழ்வு’. வாடலைப் பிடித்துக்கொண்டு பூவை அவரும் பொதுவான அழகாக்கிவிட்டார். இந்த ஒப்பீட்டை ஒரு பத்தியில் எழுதினாலே உங்கள் கட்டுரை தனியாகத் தெரியும்.

அதே 3-வது வரியில் ‘அலேக்ரே’வும் ‘த்ரிஸ்தே’வும், அதாவது மகிழ்ச்சியும் துயரும், ஒட்டி நிற்கின்றன. மகிழ்ந்து தருகிறேன், துயர வாழ்வை. முரண்.

*இரண்டாம் செய்யுள்.* சைப்ரஸ், லாரல், லில்லி மூன்றும் குறியீடுகள்: துக்கம், வெற்றி, தூய்மை. லாரலைப் பார்த்ததும் நமக்கு வாகை நினைவு வரும், வரட்டும். கட்டுரையில் மரத்தை மாற்றிவிடாதீர்கள். 9-வது வரியை வாய்விட்டுப் படியுங்கள்: ‘கதால்சோ, காம்போ, கொம்பாத்தே, குருவெல்’. நான்கு ககரம், நல்ல மோனை. தமிழ் இலக்கணம் மோனையைத் தொடையில் வைக்கும், அணியில் வைக்காது. பிலிப்பைன்ஸ் வகுப்புகளில் அதை அணிப்பட்டியலில் சேர்க்கிறார்கள், நீங்களும் சேர்க்கலாம். 10-வது வரியில் நாடும் இல்லமும் ‘கேட்கின்றன’, ஆளாக்கம். ‘ஓகார்’ என்ற சொல்லுக்கு அடிப்பொருள் அடுப்பு, ஆகுபெயராக வீடு. ஆனால் அன்றாட ஸ்பானிஷில் அது வெறும் ‘வீடு’தான், தேய்ந்துபோன ஆகுபெயர். அதைத் தனி அணியாகக் காட்ட வேண்டாம்.

*மூன்றாம் செய்யுள்.* கவிதையின் உச்சம் இங்கேதான் என்பது என் கணிப்பு. 12-வது வரியில் பகல் ‘லோப்ரேகோ கபூஸ்’ஸின் பின்னாலிருந்து வருகிறது. ‘கபூஸ்’ என்றால் தலையை மூடும் முக்காட்டு அங்கி. இரவை இருண்ட முக்காடாக உருவகித்திருக்கிறார். டெர்பிஷையரில் அது ‘இரவின் இருள்’ ஆகிவிட்டது, உருவகமே இல்லை. ஆங்கிலத்தை மட்டும் வைத்து எழுதுகிறவர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்.

13-இல் ‘கிரானா’ என்ற சொல். சிவப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது பூச்சியிலிருந்து எடுத்துத் துணிக்கு ஏற்றும் செஞ்சாயத்தின் பெயர். பக்கத்திலேயே ‘தெஞிர்’, சாயமேற்று. ‘உன் விடியலுக்குச் சாயம் வேண்டுமானால் என் இரத்தத்தை ஊற்று.’ விடியல் துணி, இரத்தம் சாயம், 15-இல் எழும் ஒளி அதன் மேல் பொன்முலாம். சாயப் பட்டறையை அப்படியே வானத்தில் வைத்த தொடர் உருவகம். டெர்பிஷையர் இந்த இடத்தில் முதலில் ‘கலர்’ என்றுதான் சொல்கிறார். சாயம் என்ற தொழில் நெடி பின்னால்தான் வருகிறது.

*நான்காம் செய்யுள்.* 16, 17 வரிகள் ‘மிஸ் சுவேஞோஸ்’ என்று தொடங்குகின்றன; வரித் தொடக்கத்தில் ஒரே சொல் திரும்ப வரும் அனஃபொரா. 19, 20-இல் நாட்டுக்குக் கருவிழி, வழவழத்த நெற்றி. சுளிப்பில்லை, சுருக்கமில்லை, நாணக் கறையில்லை. நாடு பெண்ணாகவே நிற்கிறது. ‘பாத்ரியா’வுக்கு வேர் ‘தந்தை’, இலக்கணப் பால் பெண். ஆங்கிலத்தின் ‘ஃபாதர்லேண்ட்’ இந்தப் பெண்ணை மறைத்துவிடுகிறது.

*ஐந்தாம் செய்யுள்.* 23, 24: நீ பறக்க நான் விழுவது, நீ வாழ நான் சாவது. அடுத்தடுத்து இரண்டு முரண்.

*ஆறாம் செய்யுள்.* கல்லறைப் புல்லில் முளைத்த எளிய பூவை முத்தமிடச் சொல்லி, உடனே ‘என் ஆன்மாவை முத்தமிடு’ என்கிறார். பூவும் ஆன்மாவும் ஒன்றாகிவிட்டன, ‘போல’ இல்லாமல். 30-வது வரி தமிழர் கண்ணுக்குத் தப்பும்: ‘உன் பரிவின் மூச்சு, உன் சுவாசத்தின் வெம்மை’. நமக்கு இதுதான் இயல்பான சொல் வரிசை. ஸ்பானிஷில் ‘மூச்சு, உன் பரிவின்’ என்பதே இயல்பு; அவர் வேண்டுமென்றே புரட்டிப் போட்டிருக்கிறார். ஹைப்பர்பேட்டன் என்று எழுதலாம்.

*ஏழு முதல் ஒன்பது வரை.* எண்ணும் வேலை. ‘தேஹா’ 31, 32, 33, 35, 36, 38 வரிகளைத் தொடங்கிவைக்கிறது. பிறகு 53-இலும் ஒருமுறை. வரித் தொடக்கத்தில் வருவதால் அனஃபொரா. 40, 41 இரண்டும் ‘ஓரா’ என்று தொடங்குகின்றன, 45-இல் அது திரும்ப வருகிறது. 33-இல் காற்று முனகுவது ஆளாக்கம்.

*பத்தும் பதினொன்றும்.* இறந்தவர்கள் விழித்திருந்து காவல் காக்கிறார்கள் (47). 55-இல் நிலம் கம்பளம், சாம்பல் அதன் தூசி.

*பன்னிரண்டாம் செய்யுள்.* 58-இல் ‘உன் செவிக்கு அதிரும் தூய சுரமாவேன்’, உருவகம். 59: ‘நறுமணம், ஒளி, நிறங்கள், சலசலப்பு, பாட்டு, முனகல்’. ஆறு பெயர்ச்சொல், நடுவில் ஒரு ‘உம்’ கூட இல்லை. இணைப்புச் சொல்லை விட்டதால் அசிண்டெட்டன். ஒன்று மூக்குக்கு, இரண்டு கண்ணுக்கு, மூன்று காதுக்கு என்று பிரித்துக் காட்டுங்கள்.

*கடைசி இரண்டும்.* ‘என் துயரங்களின் துயரே’ (61). ‘நம்பிக்கை கொல்லாத இடம்’ (65): நம்பிக்கை கொலை செய்யாது, அதன் பெயரால் ஆட்கள் செய்வார்கள், ஆகவே ஆகுபெயர், உள்ளே குத்தலும் உண்டு. வாழ்க்கை ‘களைப்பூட்டும் பகல்’ (68). ‘இனிய அந்நியப் பெண்’ (69) பெயர் சொல்லாமல் சுட்டுவது. ரிசாலின் துணைவி ஜோசஃபின் பிராக்கன் என்று கொள்வது வழக்கம். ‘சாவது இளைப்பாறுவது’ (70) உருவகம்.

6. மதிப்பெண் போகும் இடங்கள்

உவமை தேடாதீர்கள். ஸ்பானிஷ் உவம உருபு ‘கோமோ’ இந்த 70 வரியில் ஒருமுறைகூட இல்லை. சிமிலி என்று நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் மொழிபெயர்ப்பில் முளைத்ததாகவோ பழக்கதோஷமாகவோதான் இருக்கும். ‘இக்கவிதையில் உவமை உருபு இல்லை, எல்லாம் நேரே உருவகம்’ என்று எழுதினால் அதுவே ஒரு நல்ல கண்டுபிடிப்பு.

‘உயிரைத் தருகிறேன்’ என்பதை மிகைப்படுத்தல் என்று எழுதாதீர்கள். 1896 டிசம்பர் 30 அன்று பகும்பாயான் திடலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இது அதற்குச் சற்று முன் எழுதிய பாட்டு. உயிர் தருவது செய்தி. இரத்தம்கூட நிஜ இரத்தம்தான். அது விடியலுக்குச் சாயமாவது மட்டுமே அணி.

தலைப்பை ஆராயாதீர்கள். கையெழுத்துப் படியில் தலைப்பும் இல்லை, கையொப்பமும் இல்லை. ‘கடைசி விடை’ என்பது பின்னால் மற்றவர்கள் வைத்தது. ‘தலைப்பிலேயே கவிஞர் ஒரு அணியை வைத்துள்ளார்’ என்று தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். அதற்குப் பதில் 62-வது வரியின் ‘போஸ்த்ரேர் ஆதியோஸ்’ஸைக் காட்டுங்கள், அது அவருடைய சொல்.

தற்குறிப்பேற்றத்தையும் ஆளாக்கத்தையும் குழப்பாதீர்கள். காற்று இயல்பாக வீசுவதற்குக் கவிஞர் ஒரு காரணத்தைத் தானாக ஏற்றிச் சொல்லியிருந்தால் தற்குறிப்பேற்றம். இங்கே காரணம் எதுவும் ஏற்றப்படவில்லை. முனகட்டும் என்று விடச் சொல்கிறார், அவ்வளவுதான். அதேபோல அனஃபொராவுக்குச் சொற்பொருள் பின்வருநிலை நெருங்கி வரும், ஆனால் அனஃபொராவுக்கு வரித் தொடக்கம் என்ற நிபந்தனை கூடுதல்.

இயைபும் அசையும் அணிப்பட்டியலில் வேண்டாம். கவிதையின் இயைபு அமைப்பு அ-ஆ-அ-அ-ஆ, வரிக்கு 14 அசை. முன்னுரையில் ஒரு வாக்கியம் போதும்.

7. பதிவு எழுதும் முறை

ஒவ்வொரு அணிக்கும் ஐந்து துண்டு: வரி எண், மூலச் சொல், நேர்ப்பொருள், அணியின் பெயர், அது அந்த இடத்தில் செய்யும் வேலை. கடைசித் துண்டை விட்டால் வெறும் பட்டியல் ஆகிவிடும். மாதிரி:

‘வரி 12. “லோப்ரேகோ கபூஸ்”, இருண்ட முக்காடு. உருவகம். இரவு முகத்தை மூடிய அங்கியாகக் காட்டப்படுகிறது. ஆகவே விடியல் என்பது முகம் திறக்கும் செயலாகிறது. நான்காம் செய்யுளில் நாட்டின் கண்ணும் நெற்றியும் வெளிப்படையாகத் தெரிவதற்கு இது முன்தயாரிப்பு. டெர்பிஷையரில் இந்த உருவகம் இல்லை.’

இப்படி 12 முதல் 15 பதிவு போதும். நாற்பது பதிவை ஒற்றை வரியில் அடுக்கியவரைவிடப் பன்னிரண்டை நிரூபித்தவருக்குத்தான் மதிப்பெண் வரும்.

8. கால அட்டவணை

பிரதி தேடி எண் போட ஒரு மாலை. பொழிப்புக்கு இரண்டு. அணி குறிக்க ஒன்று. மூன்று பிரதிகளையும் ஒப்பிட ஒன்று. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எழுத இரண்டு. ஆக ஏழு மாலை. அனாட்டமி தேர்வு வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். எழுதி முடித்தபின் ஒரு நாள் இடைவெளி விட்டு, மேற்கோள் சொற்களை மூலத்தோடு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ‘ஞ’ ஒலிக்கான எழுத்தின் மேல் உள்ள அலைக்கோட்டைத் தட்டச்சில் விட்டால் ‘சுவேஞோ’ வேறு ஏதோ ஆகிவிடும்.

வாய்மொழித் தேர்வும் இருந்தால் முதல், கடைசிச் செய்யுள்களை ஸ்பானிஷிலேயே படித்துப் பழகுங்கள். சொல் தொடக்க ‘ஹெச்’ ஒலிக்காது, அதனால்தான் ‘ஓகார்’. ‘ஜே’ எழுத்து ‘ஹ’ ஆகும், ‘ஹோயா’. இரட்டை ‘எல்’ யகரமாகும், ‘பிரியாந்தே’. வரியின் நடுவில், ஏழு அசை முடிந்த இடத்தில் நிறுத்துங்கள்: ‘ஆதியோஸ், பாத்ரியா அதொராதா’, ஒரு மூச்சு, பிறகு ‘ரெஹியோன் தெல் சோல் கெரிதா’.